அபூ யாஃபா

வஜீஹ் எங்கள் வார்டில் நர்ஸ். நோயாளியின் மணிக்கட்டைத் தொடும் முன் விரல்களை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொள்வான். "என்னடா, அடைகாக்குறியா?" என்பேன். "சில்லுன்னு தொட்டா நாடி பொய் சொல்லும் நுஹாக்கா" என்பான்.

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து அவன் மனைவி தலால் முழுகாமல் இருந்தாள். பையன்தான், கினான் என்று பேர் வைப்பேன் என்று அவள். பெண்தான், யாஃபா என்று இவன். வீட்டில் தினமும் இதே பஞ்சாயத்து.

ராணுவம் மருத்துவமனையைச் சுற்றி வளைத்த அன்று, நோயாளிகளோடு வெளியேறச் சொன்னார்கள். வஜீஹ் ஒரு கிழவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனான். சோதனைச் சாவடியில் சிப்பாய் தொழிலைக் கேட்டான். "நர்ஸ்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகக் கண்ணைக் கட்டி இழுத்துப்போனார்கள். கிழவரை நான் தள்ளிக்கொண்டு வந்தேன். அந்த ஆத்திரம் இன்னும் எனக்கு அடங்கவில்லை.

அவனைப் பிடித்துப்போன ஏழாவது வாரத்தில், அகதிக் கூடாரத்தில், கினான் பிறந்தான். பிள்ளை பெற்றவனை அவனுடைய சொந்தப் பேர் சொல்லி எங்கள் ஊரில் யார் கூப்பிடுகிறார்கள்? கினானின் அப்பா என்றால் 'அபூ கினான்'தான். சிறையிலிருந்து விடுதலையானவர்களின் பேருந்து கான் யூனிஸுக்கு வரும்போதெல்லாம் வஜீஹின் போட்டோவோடு ஓடினோம்.

"அபூ கினானைப் பாத்தீங்களா? நர்ஸு."

"இல்லம்மா."

பதினான்கு மாதம் இதே பதில். உள்ளே எல்லோரும் எலும்பும் தோலும்தான்; போட்டோவில் இருந்த கொழுத்த முகம் யாருக்கும் பிடிபடவில்லை.

போன வியாழன் வந்த கொல்லர் ஒருவரும் கையை விரித்தார். விலங்கு அறுத்த மணிக்கட்டுக்கு நான் மருந்து போட்டேன்.

"உள்ள இதை ஒருத்தர்தான்மா பாத்துக்கிட்டார். குடிக்கிற தண்ணியில கழுவிவிடுவார். வைத்தியம் தெரிஞ்சவன்னா இன்னும் அடிப்பாங்க, அதனால என்ன தொழில்னு யாரும் கேக்கல. தொடுறதுக்கு முன்னாடி கையை அக்குள்ள வெச்சுக்குவார்."

என் கை நின்றுவிட்டது. "பேரு?"

"அபூ யாஃபா. போன மாசம் வேற எங்கயோ கொண்டுபோயிட்டாங்க. அப்ப உசுரோட இருந்தார்."

தலால் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். "உள்ள இருந்துக்கிட்டும் விட்டுக்குடுக்கல பாருக்கா" என்று சிரித்தவள், அப்படியே கதறினாள். பிறந்தது என்னவென்றே தெரியாதவனை, உள்ளே யாருக்கும் தெரியாத பேரைச் சொல்லித் தேடியிருக்கிறோம். அவன் கழுவிவிட்ட எத்தனை கைகள் எங்களுக்கு 'இல்லை' சொல்லியிருக்குமோ?

"வந்து தோத்துப் போய்யா" என்று போட்டோவிடம் சொன்னாள் தலால்.

அடுத்த பேருந்து வந்தது. இடுப்பில் கினானோடு முண்டியடித்து முன்னால் போய்க் கேட்டாள்:

"அபூ யாஃபாவைப் பாத்தீங்களா?"