முன்வரிசை இருக்கை

பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் இடுப்பு மூட்டை மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டேன். மகன் குடும்பம் மஸ்கட்டில். மருமகளுக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. விசாவும் வந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து, விமானத்தில் போகலாமா என்று கேட்டதற்கு, "தாராளமா போங்க, ஒரே இடத்துல உட்கார்ந்தே இருக்காதீங்க, அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

அந்த விசாவில்தான் போனேன், மகன் இறந்துபோன மறுநாள். அதிகாலை வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லையாம்.

கும்மிடிப்பூண்டி பைபாஸில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் என் தம்பிதான் வந்து சொன்னான். நான் காலை நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மீதி இட்லியையும் தின்று முடித்துவிட்டுத்தான் கை கழுவினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. அழுகை வரவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. பிடிக்காவிட்டால் போகட்டும்.

தம்பியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "நா அவன் மொகத்தப் பாக்கணும்டா. நா வர்ற வரிக்கும் வெச்சிருக்கச் சொல்லு."

எங்கள் முஸ்லிம் ஜனங்கள் மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, காக்க வைக்க மாட்டார்கள். எவ்வளவு சீக்கிரம் அடக்கம் செய்கிறோமோ அவ்வளவு நல்லது என்பார்கள். அது தெரிந்தேதான் கேட்டேன்.

"சொல்லிக்கிறேன்க்கா. நீ கால பாத்துக்கோ" என்றான்.

அன்று சாயங்காலமே ஒரு விமானம் இருந்தது. நடு சீட்டுதான் கிடைக்கும் என்றதும் வேண்டாமென்று விட்டுவிட்டான். மறுநாள் காலை விமானத்தில் கால் நீட்ட வசதியாக முன்வரிசை வாங்கினான். "ஆபரேசன் பண்ண ஒடம்பு. மடக்கினு உக்காந்தினு போனா அங்க போயி எயுந்துக்கவே முடியாதுக்கா." வாதாட எனக்குத் தெம்பில்லை.

மீனம்பாக்கத்தில் சக்கர நாற்காலி வந்தது. சோதனை வாசலில் கருவி கத்தியது. உள்ளே இரும்பு இருக்கிறது என்றேன். விமானத்தில் பணிப்பெண் கேட்காமலே தலையணை தந்தாள். முட்டி இடுப்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி அதன்மேல் உட்கார்ந்தேன். இறுக்கமான காலுறை போட்டிருந்தேன். அடிக்கடி தண்ணீர் குடித்தேன், எழுந்து திரை வரை நடந்தேன், திரும்பி வந்து கணுக்காலைச் சுழற்றினேன். டாக்டர் சொன்னதில் ஒன்றுகூட விடவில்லை. பிள்ளை செத்துக் கிடக்கிறான், நான் தேகப்பயிற்சி செய்துகொண்டிருக்கிறேன். அதற்கு வெட்கப்படக்கூட எனக்குள் ஒன்றுமில்லை. மரத்துப்போன பல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல அவன் பெயரை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. முகத்தைப் பார்த்தால் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

மஸ்கட்டில் மகனோடு வேலை பார்த்த பொன்னேரிப் பையன் காத்திருந்தான். டாக்சியில் என்னைப் பக்குவமாக ஏற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சௌகரியமா வந்தீங்களாம்மா?"

"வந்தேம்ப்பா. கால் வலியே தெரியல. ஆஸ்பத்திரிக்குத்தான போறோம்?"

"ஊட்டுக்கும்மா" என்றான். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டான். பிறகு, "காலையில சுப்ஹு தொழுவ முடிஞ்சதும் அடக்கம் பண்ணிட்டோம்மா. ஒங்க தம்பிதான் நேத்தே போன் பண்ணாரு. மையத்தக் காக்க வெக்காதீங்க, அக்கா பாத்தா தாங்காது, அது நிதானமா வரட்டும்னாரு. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

சாயங்கால விமானத்தில் நடு சீட்டில் முடங்கிக்கொண்டாவது வந்திருந்தால் பார்த்திருப்பேன். தம்பிமேல் கோபம்கூட உடனே வரவில்லை. அது வர மாதக்கணக்கானது. வந்தது பிறகு போகவில்லை.

"கபன் துணியால கடைசியா அவன் மொகத்த மூடுனது யாரு?" என்று கேட்டேன்.

"நாந்தாம்மா."

அவனுடைய வலது கையை இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். வீடு வந்து டாக்சிக்காரர் கதவைத் திறந்த பிறகும் அந்தக் கையை நான் விடவில்லை.