தெரிந்தால் வலது கை

எல்லார் வீட்டிலும் அம்மாக்கள்தான் பிள்ளைகளைப் படி, படி என்று உயிரை எடுப்பார்கள். எங்கள் வீட்டில் தலைகீழ். படித்தது போதும், எழுந்து வந்து சோறு போடு என்று நான் கத்துவேன். “இருடி, இந்த ஒரு பக்கம்” என்பாள் அம்மா. அந்த ஒரு பக்கம் முடிவதற்குள் சாமைச் சோறு அடிப்பிடித்து வீடு முழுக்கத் தீய்ந்த வாடை அடிக்கும்.

காவலூரைத் தாண்டி மலைக்குள் இருக்கிறது எங்கள் ஊர். அம்மா அங்கே பால்வாடி டீச்சர். பகலெல்லாம் ஒரு கூட்டம் வாண்டுகளைக் கட்டி மேய்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து, வாண்டுகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்று தபால் வழியில் பட்டப்படிப்பு படித்தாள். தினமும் செய்கிற வேலைக்கு எதற்கு ஒரு படிப்பு என்று எனக்கு விளங்கவேயில்லை. பட்டம் வாங்கினால் சூப்பர்வைசர் ஆகலாம் என்று அம்மாவுக்கு ஆசை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், அப்பா அவளை வண்டியில் உட்காரவைத்து ஒடுகத்தூருக்கு இறங்குவார். அங்கிருந்து பஸ் பிடித்து வகுப்புக்குப் போவாள். வீட்டில் நான் ஒருத்திதான் பிள்ளை. தண்ணீர் தூக்குவது, கோழியைப் பார்ப்பது, பாத்திரம் துலக்குவது எல்லாம் என் தலையில் விழும். ஊர்ப் பிள்ளைகள் புளியமரத்தடியில் ஆடிக்கொண்டிருக்க, நான் கரிப்பிடித்த குண்டானைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். அப்படி எரிச்சல் வரும்.

அந்தப் படிப்பு வந்த பிறகு பால்வாடியும் குட்டிச்சுவராகிவிட்டது என்பது என் தீர்மானம். முன்பெல்லாம் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து அ, ஆ சொல்லும். இப்போது மூலைக்கு மூலை விளையாட்டு. ஒரு மூலையில் புளியங்கொட்டை, ஒரு மூலையில் மணல், இன்னொன்றில் அப்பாவின் பழைய சட்டையும் ஓட்டைச் சட்டியும். யாருக்கு எது பிடிக்கிறதோ அங்கே போய் உட்காரலாம். ஒருவன் இன்னொருத்தி தலையில் மணலைக் கொட்டினால், முதுகில் ஒன்று வைப்பாள் என்று பார்த்தால், அம்மா பக்கத்தில் குந்திக்கொண்டு நோட்டில் எழுதுவாள்.

“இன்னாம்மா இது, பாடமே நடத்த மாட்டியா?” என்று கேட்டேன்.

“வெளையாட்டுதாண்டி இதுங்களுக்குப் பாடம். பயமில்லாம வாயைத் தொறந்து பேசுச்சுங்கன்னா அதே போதும்.”

அட கடவுளே என்று இருந்தது. நான் அப்போது நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடம் என்றால் எப்படி இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் பள்ளிக்கு அதிகாரி வருகிறார் என்றால் மலைப்பாதையில் ஜீப் சத்தம் கேட்டதுமே நாங்கள் கைகட்டி, வாயில் விரல் வைத்துவிடுவோம். அவர் கேள்வி கேட்டால் ஒருவர் விடாமல் கை தூக்கவேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. எங்கள் சார் வலது கைக்காரனாகப் பார்த்து எழுப்பிவிடுவார். அதிகாரி தலையாட்டிவிட்டுப் போவார். வருஷா வருஷம் எங்கள் பள்ளிக்கு நல்ல பெயர்.

கடைசி வருஷத் தேர்வு வந்தது. அம்மா மூன்று நாள் கீழே போய் எழுதவேண்டும். நாலாம் நாள் ஒரு மேடம் மலையேறி வந்து, அம்மா பிள்ளைகளோடு எப்படி வேலை செய்கிறாள் என்று நேரில் பார்த்து மார்க் போடுவார். இதில் தேறிவிட்டால் படிப்பு முடிந்தது. அப்பாவிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. “எழுதறதுகூட எழுதிடுவேங்க. அந்தம்மா வர்ற அன்னிக்கு இதுங்க இன்னா பண்ணுமோன்னுதான் பயமா இருக்குது.”

எனக்கும் அதே பயம்தான். இதுகள் மணலைக் கொட்டிக்கொண்டு நின்றால் மேடம் எப்படி மார்க் போடுவார்? அம்மா தோற்றால் இன்னொரு வருஷம் கரிக்குண்டான். நினைக்கவே முடியவில்லை.

எனக்கு அப்போது லீவு. அம்மா தேர்வுக்குப் போன மூன்று நாளும் பால்வாடிக்கு நான் போனேன். சமைக்கிற ஆயாவுக்குச் சந்தோஷம். “டீச்சர் பொண்ணாச்சே, நீயே பாத்துக்கம்மா” என்று அடுப்படிக்குப் போய்விட்டார். நான் புளியங்கொட்டையை டப்பாவில் போட்டு மூடினேன். எல்லாரையும் வரிசையில் உட்காரவைத்தேன். தொண்டை கட்டக் கட்டக் கத்தினேன். நான் ரெண்டு தட்டுத் தட்டினால் வாயில் விரல். மேடம் கேள்வி கேட்டால் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. அந்த மண்டூகங்களுக்கு எது வலது, எது இடது என்றே தெரியவில்லை. வலது மணிக்கட்டில் ஆளுக்கொரு கரிக்கோடு இழுத்துப் பார்த்தேன், நக்கிவிட்டார்கள். கடைசியில் ஒரே வழிதான் பலித்தது. வரப்போகிற மேடம் ஊசி போடுகிறவர், வாயைத் திறந்தால் நாக்கிலேயே போட்டுவிடுவார் என்றேன். மூன்றாம் நாள் அந்த அறையில் ஈ பறந்தால் கேட்கும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவிடம் மூச்சுவிடவில்லை. அன்றைக்குப் பார்த்து அசந்துபோகட்டும் என்று வைத்திருந்தேன்.

நாலாம் நாள் அம்மா இருக்கிறதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, எல்லா மூலையையும் பார்த்துப் பார்த்து அடுக்கினாள். “நீ வூட்லயே இரு” என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னாள். நானாவது இருப்பதாவது. பால்வாடியின் பின்பக்க ஜன்னலில் போய் நின்றுகொண்டேன்.

எங்கள் ஊருக்குப் பகலில் ஒரே ஒரு தடவை வருகிற பஸ் வந்தது. கைப்பையும் குடையுமாக மேடம் இறங்கினார். உள்ளே பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் கலகலவென்று விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாண்டு அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு விசில் ஊதிக்கொண்டிருந்தான். மேடம் வாசலில் கால் வைத்த நேரம் பார்த்து நான் ஜன்னல் கட்டையில் ரெண்டு தட்டுத் தட்டினேன்.

அப்படியே எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்து வரிசையில் உட்கார்ந்தார்கள். எல்லார் வாயிலும் விரல். விசில்காரன்கூட. எனக்குப் புல்லரித்துவிட்டது.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “இன்னாடா கண்ணுங்களா, போய் வெளையாடுங்க” என்று கெஞ்சினாள். ஒன்றும் அசையவில்லை. மேடம் ஒரு செம்பருத்திப் பூவை எடுத்துக் காட்டி, “இது என்ன நிறம், யார் சொல்றீங்க?” என்று கேட்டார். அத்தனை பேரும் கை தூக்கினார்கள். எந்தக் கை என்பதில் சந்தேகம் வந்ததால் முக்கால்வாசிப் பேர் ரெண்டு கையையும் தூக்கினார்கள். மேடம் ஒரு சின்னப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டதும் அது “ஊசி வேணாம், ஊசி வேணாம்” என்று அலறி, பாவாடையை நனைத்துவிட்டது. அதைப் பார்த்து மற்றதெல்லாம் அழ ஆரம்பித்தது.

மேடத்தின் முகம் கடுத்துவிட்டது. “யாரும்மா இதுங்களை இப்படிப் பழக்கினது?”

அம்மா சுற்றிலும் பார்த்தாள். ஜன்னலில் என் தலையைப் பார்த்தாள். நான் பல்லைக் காட்டிச் சிரித்தேன். மேடம் பக்கம் திரும்பி, ஜன்னலை மறைத்து நின்றுகொண்டாள்.

“நான்தாங்க மேடம்” என்றாள். “நான்தான் பழக்கினேன்.”

“இத்தனை வருஷமா என்னதான் படிச்சீங்க?” என்று கேட்டுவிட்டு மேடம் நோட்டில் ஏதோ எழுதினார். அம்மா பாவாடை நனைத்த பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் அம்மா அதே தேர்வை மறுபடி எழுதித் தேறினாள். ஆனால் சூப்பர்வைசர் ஆவதற்கு ஒரு வயது வரம்பு இருந்தது. அதை அவள் அந்த ஒரு வருஷத்தில் தாண்டிவிட்டாள். இன்றைக்கும் அதே பால்வாடியில்தான் புளியங்கொட்டையும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். இதெல்லாம் எனக்கு விளங்கியது நான் கல்லூரிக்குப் போன பிறகுதான்.

அன்றைக்கு எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்று. மூன்று நாள் தொண்டை கிழியக் கத்தியது நான். நான்தான் பழக்கினேன் என்று பெயரைத் தட்டிக்கொண்டது அவள். சாயங்காலம் வீட்டில் அம்மா சுவரில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருந்தாள். எதிரில் போய் நின்று கேட்டேவிட்டேன். “நான்தான சொல்லிக் குடுத்தேன்? ஏம்மா நீன்னு சொன்ன?”

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். “தப்புதாண்டி” என்றாள். “உன்னைச் சொல்லியிருக்கணும்.”

ஒப்புக்கொண்டாளே தவிர, அதற்குப் பிறகும் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. நாலு நாள் அவளோடு நான் பேசவேயில்லை. ஐந்தாம் நாள், போனால் போகிறது, அம்மாதானே என்று மன்னித்துவிட்டேன்.