அர்க்கெலா ராஜாவோடு மெல்போர்னுக்கு

2012 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை சிட்னியிலிருந்து மெல்போர்னுக்குக் காரில் போனோம். ஊர் சுற்ற அல்ல. சிட்னியின் பென்டில் ஹில்லில் என்னோடு ஒரே வீட்டில் குடியிருக்கும் ஜெறோம் அண்ணனுக்கு அங்கே ஒரு கூத்தில் ராஜா வேடம். அவர் இலங்கை மன்னார்க்காரர், நான் திருச்சி. கத்தோலிக்கர்கள் வேதக் கதைகளைக் கூத்தாடுவார்கள் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். சுங்கம் ஏழு டாலர் சொச்சம், போக மட்டும் பெட்ரோல் நூறு டாலர். ஹியூம் நெடுஞ்சாலையில் பார்க்க ஒன்றுமில்லை என்பவர்கள் பொய் சொல்லவில்லை. 880 கிலோமீட்டருக்கும் செம்மறி, யூகலிப்டஸ், அடிபட்டுக் கிடக்கும் கங்காரு.

கதையை அண்ணன்தான் சொன்னார். ஏரோது ராஜா செத்ததும் யூதேயா அவன் மகன் அர்க்கெலாவின் கைக்கு வந்தது. ரோமப் பேரரசர் சீசர் சம்மதிக்கும் முன்பே, பாஸ்கா பண்டிகைக்கு எருசலேம் கோயிலில் கூடிய சொந்தச் சனத்தின் மேல் படையை ஏவினான். ஆயிரக்கணக்கில் செத்தார்கள்.

"ஏண்ணே, இந்தப் பாவியோட வேஷத்துக்கா இவ்வளவு தூரம் போறோம்?"

"ஆட இருந்தவருக்கு நெஞ்சு வருத்தம் வந்து ஆசுப்பத்திரியில. வேற ஒருத்தரும் ஏலாதெண்டிட்டினம்." கொஞ்சம் கழித்து, "மூண்டு வருசமாப் பாடேல்லை தம்பி. நான் ஒரு அடி பாட, சனம் என்னோட சேர்ந்து பாடுறதை ஒருக்காக் கேட்டாக் காணும், வேறொண்டும் வேண்டாம்" என்றார்.

2009-இல் முள்ளிவாய்க்காலில், தஞ்சம் புகுந்திருந்த கூட்டத்தின் நடுவே ஷெல் விழுந்து அவருடைய ஒன்பது வயது மகள் போய்விட்டாள். அதோடு பாட்டும் நின்றது.

மெல்போர்னின் டண்டினோங்கில் ஒரு தேவாலய மண்டபம். அனுமதி இலவசம், இடியப்பச் சாப்பாடு பத்து டாலர். கூத்தில் ராஜா ஓர் அடி பாடினால் மேடையோரம் நிற்கும் எட்டுப் பிற்பாட்டுக்காரர்கள் அதையே திருப்பிப் பாட வேண்டும். ராஜா மேடைக்கு வரும் வரவுப் பாட்டுக்கு எட்டுப் பேரும் மண்டபம் அதிரப் பாடினார்கள். அண்ணன் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்!

பிறகு படைக்கு ஆணையிடும் இடம். "கோயிலெண்டும் பாராதே, குழந்தையெண்டும் பாராதே" என்று அண்ணன் பாடினார். பிற்பாட்டு வரவில்லை. கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் கை காட்டியும் யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு பெண் தாளத்தைக் கீழே வைத்துவிட்டாள். மூன்று முறை பாட வேண்டிய அடி. மூன்றையும் அண்ணன் தனியாகவே பாடினார்.

அடுத்த காட்சியில் சனத்தின் ஆட்கள் ரோமுக்கே போய், இவன் எங்களுக்கு வேண்டாம் என்று சீசரிடம் முறையிடுகிறார்கள். அதற்கு மண்டபமே சேர்ந்து பாடியது. அண்ணன் தலை குனிந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சாப்பிடும்போது அண்ணாவியார் வந்து அண்ணன் கையைப் பிடித்தார். "குறை நினையாதேயும் ஜெறோம். உம்மில கோவமில்லை. இதில பாடினவை எல்லாரும் ஆரையாவது பறி குடுத்தவை. அந்த அடி வாயில வரேல்லை."

"ஓம், விளங்குது. என்ர வாயில வந்திட்டுதே, அண்ணாவியார்."

போகிறவர்களுக்கு: ஒரே நாளில் போய் வர நினைக்காதீர்கள். வழியில் வரும் ஆல்பரி ஊருக்கு முன்பே பெட்ரோல் போடுங்கள், மாலையானால் கங்காரு குறுக்கே வரும். கூத்தை அவசியம் பாருங்கள். அவர்கள் பாட மறுத்தது நியாயம்தான், ஆனால் யாராவது பாடித்தானே ஆக வேண்டும். அவரை அப்படித் தனியே விட்டதில் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

இதே கூத்தை இங்கே சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில் போடப்போவதாகப் போன வாரம் அண்ணாவியார் அண்ணனைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். அண்ணன் வர மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

"வாறன்," என்றார் அவர். "ராஜாவா இல்லை. சீசரிட்டப் போற ஆக்களில ஒராளா விடுங்கோ. எனக்கும் ஒரு முறைப்பாடு இருக்கு."