கழுவாத நெற்றி

ஆயர் என் நெற்றியில் எண்ணெய் பூசியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகுதான் எனக்கு உறுதிப்பூசுதல் வாய்த்தது. நான் எதிலுமே லேட். எண்ணெய் பட்ட நெற்றியை உடனே கழுவக்கூடாது என்று மலேசியாவில் எங்கள் ஊரான கோலா சாவாவின் சிற்றாலயத்தில் யாரோ சொன்னார்கள். நானும் பெரிய பக்திமான் மாதிரி மறுநாள் காலையில் கழுத்துக்குக் கீழே மட்டும் குளித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

அப்போது நான் செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்களுக்கு மண்டோர், அதாவது கங்காணி. மற்றவர்கள் களைக்கொல்லிப் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள். ஓர் அக்கா மட்டும் நின்றார்.

“மண்டோரே, இந்தப் பம்பு ஒழுகுது. வேற குடுங்க.”

வேறு பம்பு ஸ்டோரில் இருந்தது. சாவிக்கு ஆபீஸ் வரை நடக்க வேண்டும். “இன்னிக்கு ஒரு நாள் ஓட்டுங்கலா,” என்றேன்.

பத்து மணிக்குக் குழாய் பிடுங்கிக்கொண்டு, மருந்து அவர் முகத்தில் அடித்தது. என் போத்தல் தண்ணீர் முழுவதையும் அவர் கண்ணில் ஊற்றி, லாரியில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வலது கண் போய்விட்டது.

“பம்பு கெட்டுப்போச்சுன்னு உன்கிட்ட சொன்னாங்களா?” என்று சாயங்காலம் மேனேஜர் கேட்டார்.

“இல்லைங்க.”

சொல்லும்போதே நெற்றி வியர்த்தது. வியர்வையோடு அந்த எண்ணெய் வாசமும் மூக்கில் இறங்கியது. அக்காவின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள்.

பதினோரு வருஷமாக அந்த வாசம் என்னை விடவில்லை. சிரம்பானுக்குக் குடிபோய் செக்யூரிட்டி வேலை பார்த்தேன். அங்கேயும் குழாய் சொட்டினால் “மண்டோரே, ஒழுகுது” என்று கேட்கும். பயந்து பயந்து அக்கா வீட்டுக்குப் போவேன். அரிசி வாங்கிக் கொடுப்பேன், கிளினிக்குக்குக் கூட்டிப்போவேன். அந்த வீட்டில் நான் நல்லவன். இதைவிடப் பெரிய தண்டனை எனக்குத் தெரியாது.

போன வருஷம் அக்காவின் மகள் என்னைக் கூப்பிட்டாள். “மாமா, என் பிள்ளைக்கு நீங்கதான் ஞானத்தந்தை. அம்மாவைத் தூக்கிட்டு ஓடுனவரு நீங்கதானே!”

சரியென்றேன். ஞானஸ்நானத்தன்று ஃபாதர் பிள்ளையின் உச்சியில் அதே எண்ணெயைப் பூசினார். இந்தக் குழந்தையும் இனி ஓர் இறைவாக்கினர் என்றார். ஜோசியம் சொல்வதற்காக அல்ல, நடந்ததை நடந்தபடி சொல்வதற்காக. பிள்ளையை நான்தான் ஏந்தியிருந்தேன்.

வெளியே கூடாரத்தில் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். பிள்ளையோடு போய் நின்றேன். “அக்கா, பம்பு ஒழுகுதுன்னு அன்னிக்கு நீங்க சொன்னீங்க. நான்தான் மேனேஜர்கிட்ட இல்லேன்னுட்டேன்.”

ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார். “எனக்குத் தெரியாதாலா தம்பி? சொன்னதே நான்தானே. என் மக அதை நம்பல, நீ சொன்னதத்தான் நம்புனா. பம்பைப் பாக்காம முதுகுல மாட்டிக்கிட்டேன்னு இன்னிக்கும் என்னை ஏசுறா. அவகிட்ட போய்ச் சொல்லு.”

மகள் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தாள். நாலு பேர் கேட்கவே சொன்னேன். “உங்கம்மா சொன்னாங்கம்மா, பம்பு ஒழுகுதுன்னு. நான்தான் பொய் சொன்னேன்.”

கரண்டியை வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

“பிள்ளையைக் குடுங்க,” என்றாள். மாமா என்று சொல்லவில்லை.