கோவிந்தப்பா ஏறி நின்ற வண்டிகள்

பெங்களூர் பொம்மனஹள்ளியில், மெட்ரோ தூண்களின் நிழல் காலையில் வந்து விழுகிற வரிசையில் நாலாவது கடை கோவிந்தப்பாவுடையது. சீட் கவர், ஹாரன், தரை மேட் இதெல்லாம் ஓசூர் ரோடு முழுக்க யார் வேண்டுமானாலும் போட்டுக் கொடுப்பார்கள். ஆனால் ஆளுயர வண்டிகளில் கால் வைத்து ஏறுவதற்கு இரண்டு பக்கமும் நீளமாக ஒரு படி மாட்டுகிறார்களே, அந்த சைடு ஸ்டெப் வேலைக்குக் கோவிந்தப்பாவிடம்தான் வர வேண்டும். வந்தார்கள். ஜெயநகரிலிருந்து வந்தார்கள், ஓசூரிலிருந்து வந்தார்கள். மெயின் ரோட்டில் கார் ஷோரூம் வைத்திருக்கிறவனே தன் சொந்த வண்டியை இங்கே அனுப்பினான் என்றால் மேலே என்ன சொல்ல?

காரணம் அவருடைய உடம்பு. படியை மாட்டி முடித்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அவரே அதன் மேல் ஏறுவார். கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம், நடு, பின்பக்கம் என்று மூன்று இடத்திலும் நின்று குதிப்பார். நூறு கிலோவைத் தாண்டிய உடம்பு. வண்டி பரிசல் மாதிரி சாயும், படி மட்டும் அசையாது. இறங்கி வந்து, "என்னையே தாங்கிடுச்சு. இனி உங்க வம்சத்துல யார் வேணா ஏறலாம்" என்பார். அவ்வளவுதான் கேரண்டி. எழுதிக் கொடுங்கள் என்று கேட்டவர்களை, "எழுதுறவன் கிட்ட போய் மாட்டிக்கோ" என்று அனுப்பியும் இருக்கிறார்.

எழுத வராது என்பதும் ஒரு காரணம்தான். ஒக்கலிபுரத்தில், ரயில் போனால் பாத்திரம் ஆடுகிற ஒற்றை அறையில் பிறந்தவர். அப்பா ஸ்டேஷனில் மூட்டை தூக்கினார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டது. அவர் பள்ளிக்கூடத்தை விட்டதாகத்தான் சொல்லிக்கொள்வார். கார் கழுவினார், சீட் தைத்தார், அடுத்தவன் கடையில் பதினைந்து வருஷம் குனிந்தார். பிறகு இந்த இடத்தில், ரோடு இரண்டு வண்டி அகலம் இருந்தபோது, ஒரு தகரக் கொட்டகை போட்டார். இன்றைக்கு இரண்டு ஷட்டர், மேலே வீடு. மனைவி எல்லம்மா பெயரில் பலகை. மகள் ரூபினி எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். இதில் யாருடைய சிபாரிசும் கிடையாது, யாருடைய கையெழுத்தும் கிடையாது. தன் உடம்பைத் தவிர வேறு எதையும் முதலாகப் போடாத மனுஷன்.

அந்த முதல்தான் இப்போது கரைந்துகொண்டிருந்தது.

சர்க்கரை என்றார்கள். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். எழுந்து வந்தபோது சட்டைக்குள் ஆள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. எல்லம்மா பேசாமல் பேண்ட்களைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். பெல்ட்டில் ஆணியால் புதுத் துளை போட்டார். பிறகு இன்னொன்று. காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தால் மூச்சு அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும். வண்டிக்கு அடியில் படுத்தால் எழுந்திருப்பது தனி வேலை. முதலில் புரள வேண்டும், அப்புறம் முட்டி போட வேண்டும், அப்புறம் டயரைப் பிடிக்க வேண்டும். ஆனாலும் படி மாட்டினால் அவர்தான் ஏறி நின்றார். அவர் குதித்தால் வண்டி இப்போது சாய்வதில்லை. கடையில் யாரும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அன்றைக்கு ஒரு சனிக்கிழமை. ஹெப்பகோடியிலிருந்து புது வண்டி ஒன்று வந்து நின்றது. வெள்ளை நிறம், ஏழு பேர் உட்காரலாம். ஓட்டி வந்தவர் சந்திரசேகரன், ஐடி கம்பெனிக்காரர், சொந்த ஊர் தர்மபுரி. அவருக்குப் பின்னாலேயே ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஆட்டோவிலிருந்து ஒரு அம்மாள், முன்கம்பியைப் பிடித்து, ஒரு பக்கம் ஆட்டோவையே சாய்த்துக்கொண்டு இறங்கினார்.

"அவங்க எங்கம்மா" என்றார் சந்திரசேகரன், கொஞ்சம் கூச்சத்தோடு.

"வண்டி இருக்கிறப்போ ஆட்டோ எதுக்கு சார்?"

"அதுல ஏற மாட்டேங்கறாங்கண்ணா. போன மாசம் கல்யாண மண்டபத்துல இறங்கறப்போ விழுந்துட்டாங்க. அதுலேர்ந்து நான் முன்னாடி கார்ல, அவங்க பின்னாடி ஆட்டோவுல."

"விழுந்தேன்னு மட்டும் சொல்றான் பாரு" என்றார் அந்த அம்மாள். பெயர் ரத்தினம்மாள். "அத்தன சம்பந்திங்க முன்னாடி, பட்டுப்புடவையோட, தொபுக்கடீர்னு. நாலு பேரு சேர்ந்து தூக்கினாங்க. நாளைக்கு ஊர்ல எம்பொண்ணு வீட்டுப் புள்ளைக்குக் காதுகுத்து. தர்மபுரி வரைக்கும் ஆட்டோவுல போக முடியுமா? ஏறற மாதிரி ஏதாச்சும் செஞ்சா வர்றேன், இல்லன்னா இங்கியே கெடக்கறேன்னுட்டேன்."

"நீங்க போறீங்கம்மா" என்றார் கோவிந்தப்பா. "இதுல ஏறித்தான் போறீங்க."

அவருக்கு நாற்காலி போடச் சொல்லிவிட்டு வேலையில் இறங்கினார். கூட விக்கி. விக்கிக்கு முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், கோவிந்தப்பாவிடம் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறவன். இந்த வேலையில் வித்தை ஒன்றும் பெரிதாக இல்லை. வண்டியின் அடிச்சட்டத்திலேயே கம்பெனிக்காரன் துளை விட்டிருப்பான். பக்கத்துக்கு மூன்று தாங்கிகளை அதில் போல்ட் போட்டு நிறுத்தி, அதன் மேல் படியை உட்கார வைக்க வேண்டும். எல்லா போல்ட்டையும் முதலில் தளர விட்டு, படி நேராக நின்றதும் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். அந்த இறுக்குதான் எல்லாம்.

விக்கி முன்னிரண்டையும் இறுக்கினான். கடைசித் தாங்கியை எப்போதும் போல் கோவிந்தப்பா வாங்கிக்கொண்டார். அட்டையை விரித்து, அடியில் நகர்ந்து, ஸ்பேனரை மாட்டி இழுத்தார். இரண்டு சுற்று வந்தது. மூன்றாவதில் நின்றது. இன்னொரு முறை இழுத்தார். போல்ட் நகரவில்லை. இறுகிவிட்டது என்று விட்டார்.

"அண்ணா, பின்போல்ட்ட ஒரு தடவ நானும் பாத்துடட்டா?" என்றான் விக்கி.

"ஏன், என் கை கையில்லியா?"

விக்கி நகர்ந்து நின்றான்.

கோவிந்தப்பா புரண்டு, முட்டி போட்டு, டயரைப் பிடித்து எழுந்தார். செருப்பைக் கழற்றினார். ஏறினார். முன்பக்கம் குதித்தார், நடுவில் குதித்தார், பின்பக்கம் வந்து குதித்தார். மூச்சு வாங்கியது. படி அசையவில்லை. இறங்கி, ரத்தினம்மாளின் பக்கம் திரும்பி, இத்தனை வருஷமாகச் சொன்னதைச் சொன்னார்.

"என்னையே தாங்கிடுச்சும்மா. இனி உங்க வம்சத்துல யார் வேணா ஏறலாம்."

ரத்தினம்மாள் அவரைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு பார்வை பார்த்தார்.

"ஏம்ப்பா மேஸ்திரி, உன்ன ஒரு கொடிக்கயிறுகூட தாங்குமே. நான் ஏறினா தாங்குமான்னு சொல்லு."

"அம்மா!" என்றார் சந்திரசேகரன்.

"ஏன்டா, இல்லாததையா சொல்லிட்டேன்? அவரு பாதி ஆளு, நான் ஒன்றரை ஆளு. கணக்கு ஒதைக்குதே."

ஆட்டோக்காரன் சிரித்துவிட்டான். விக்கி கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். வீட்டில், கடையில், பக்கத்துக் கடையில், ஆஸ்பத்திரியில்கூட யாரும் முகத்துக்கு நேரே சொல்லாத சொல். முன்பெல்லாம் இப்படி ஒரு வார்த்தை பேசியவர்களைக் கோவிந்தப்பா படியைக் கழற்றிக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இப்போதும் வாய் திறந்தார். ஆனால் கோபம் வரவில்லை. களைப்பு வந்தது. அது எங்கோ பின்னாலிருந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து கிளம்பி, இப்போதுதான் வந்து சேர்ந்தது போல இருந்தது. அந்த அம்மாளின் புடவை ஓரத்தில் முட்டிக்குக் கட்டிய பட்டை தெரிந்தது. முகத்தில் கேலி இருந்தாலும் கை நாற்காலியை இறுகப் பிடித்திருந்தது. பயந்துபோன கை.

"விக்கி" என்றார். "வா. ஏறு."

"நானாண்ணா?"

"ரெண்டு பேரும் நிப்போம். அப்ப கணக்கு சரியாப் போகும்ல?"

பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் கடையில் மாட்டிய படி எதிலும் கோவிந்தப்பாவைத் தவிர இன்னொருவன் ஏறி நின்று சோதித்ததில்லை. விக்கி தயங்கித் தயங்கிச் செருப்பைக் கழற்றினான். அகலம் போதவில்லை, ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. விக்கி விழாமலிருக்க அவர் இடுப்பைச் சுற்றிக் கை போட்டான். விலா எலும்பு கையில் தட்டியதும் கையைக் கொஞ்சம் தளர்த்தினான்.

"புடிடா. கண்ணாடியா உடைஞ்சுபோறதுக்கு?"

முன்பக்கம் குதித்தார்கள். ஒன்றுமில்லை. நடுவில் குதித்தார்கள். ஒன்றுமில்லை. பின்பக்கம் நகர்ந்து குதித்தார்கள்.

டக்.

படி ஒரு விரற்கடை இறங்கியது. எல்லார் காதிலும் விழுந்தது.

"ஸ்ப்ரிங்கு சத்தம்" என்றான் விக்கி சட்டென்று. "புது வண்டில அப்படித்தான் வரும் மேடம். நான் கீழ ஒரு தட்டு தட்டிடறேன், சரியாப்போயிடும்."

நல்ல பையன். அந்தப் பொய் யாருக்காக என்று கோவிந்தப்பாவுக்குத் தெரியாதா? பேசாமல் இருந்தால் போதும். விக்கி கீழே போய் இறுக்கிவிடுவான், வண்டி போய்விடும், பெயர் நிற்கும். அவர் கூரைக் கம்பியிலிருந்து கையை எடுத்தார். பிறகு இறங்கினார்.

"ஸ்ப்ரிங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா இரு" என்றார். "போல்ட்டு. நான் போட்டது. எனக்கு வலு பத்தல. கழட்டு."

மேலே மெட்ரோ ஒன்று போய் முடிந்தது.

விக்கி அடியில் நுழைந்தான். கோவிந்தப்பா பக்கத்தில் முட்டி போட்டு போன் வெளிச்சம் காட்டினார். போல்ட் வெளியே வந்ததும் விஷயம் தெரிந்தது. துளையின் புரிக்குள், போல்ட் சுற்றி ஏறுகிற அந்த வரிகளில், கம்பெனிப் பெயிண்ட் கட்டியாகப் படிந்திருந்தது. போல்ட் அதில் சிக்கி நின்றிருக்கிறது, இறுகி நிற்கவில்லை. பழைய கோவிந்தப்பா இழுத்திருந்தால் பெயிண்ட்டும் சேர்ந்து நொறுங்கியிருக்கும். விக்கி புரியைச் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, போல்ட்டைத் திரும்பப் போட்டு இழுத்தான். இன்னும் ஐந்தாறு சுற்று உள்ளே போயிற்று. அந்தச் சுற்று ஒவ்வொன்றையும் கோவிந்தப்பா பார்த்துக்கொண்டிருந்தார். மறுபக்கத்து போல்ட்களையும் விக்கி, சொல்லாமலே, போய் ஒரு முறை பார்த்து வந்தான்.

மறுபடி இருவரும் ஏறிக் குதித்தார்கள். இந்த முறை சத்தமே இல்லை.

சந்திரசேகரன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். ரத்தினம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"நகருங்க ரெண்டு பேரும்" என்றார். "மேஸ்திரி, எந்தக் கால மொதல்ல வைக்கணும்?"

"நல்ல காலா பாத்து வைங்கம்மா."

"ரெண்டும் கெட்ட காலுதான்."

"அப்ப கம்மியா வலிக்கிற கால வைங்க. கைய மேல கம்பியில. அவசரமே இல்ல. நான் பின்னாடிதான் நிக்கிறேன்."

"நீ பின்னாடி நின்னா என்ன, நான் விழுந்தா ரெண்டு பேரத் தூக்கணும். அந்தப் பையன நிக்கச் சொல்லு."

விக்கி வந்து பின்னால் நின்றான். ரத்தினம்மாள் இடது காலை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். வண்டி நன்றாகச் சாய்ந்தது, கோவிந்தப்பாவின் நல்ல நாட்களில் சாய்ந்த மாதிரி. படி அப்படியே இருந்தது. வலது காலும் வந்து சேர்ந்தது. அங்கேயே நின்று, கண்ணைத் திறந்து, ரோட்டை ஒரு முறை மேலிருந்து பார்த்தார். பிறகு உள்ளே நகர்ந்து உட்கார்ந்து, புடவையைச் சரி செய்துகொண்டார்.

"என் பொழப்புல மண்ணு" என்றான் ஆட்டோக்காரன்.

கோவிந்தப்பா கதவைச் சாத்த வந்தார். ரத்தினம்மாள் ஜன்னலை இறக்கினார்.

"ஒடம்புக்கு என்ன மேஸ்திரி? சக்கரையா?"

"சக்கரதாம்மா."

"எனக்கும் அதேதான், இருவது வருஷமா. உன்ன மட்டும் இப்படி உருக்கிருச்சு, என்ன ஏன் விட்டு வெச்சிருக்குன்னு தெரியல."

"உங்களப் பாத்துப் பயந்திருக்கும்."

ரத்தினம்மாள் உரக்கச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கும் வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. மடியிலிருந்த பையைத் திறந்து, காதுகுத்துக்குக் கொண்டுபோகிற முறுக்கில் கைக்கு வந்ததை எடுத்து ஜன்னல் வழியே நீட்டினார். "சாப்பிடு. இதுல சக்கர கெடையாது."

வண்டி கிளம்பியது. சர்வீஸ் ரோட்டில், பேக்கரிக்கு எதிரே ஒரு வேகத்தடை உண்டு. பார்த்துப் போகாதவனை எகிறவைத்துவிடும். கோவிந்தப்பா முட்டியில் கை ஊன்றிக் குனிந்து, வண்டியின் பின்பக்கத்துக்கு அடியில், அந்தக் கடைசித் தாங்கி இருக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறி இறங்கியது. படி நடுங்கவில்லை. வண்டி திரும்பி ஓசூர் பக்கம் போனது.

திரும்பி வந்து ரத்தினம்மாள் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். அது ஸ்டூலை விடச் சுகமாக இருந்தது.

"மத்தியானம் ஒரு வண்டி இருக்குல்ல?"

"ரெண்டு மணிக்குண்ணா."

"எல்லா போல்ட்டும் நீயே போடு" என்றார். "ஏறி நிக்கறப்போ மட்டும் என்னக் கூப்பிடு."

விக்கி சரியென்று சொல்வதற்குள் அவர் கண்ணை மூடிக் குறட்டை விட ஆரம்பித்திருந்தார்.