அவன் ஜாயின்டில் என் நம்பர்

சென்னைக்குப் பக்கம் பாடியில் நாங்கள் வேலை பார்த்த ஷெட்டில் வெல்டர்கள் எப்போதும் ஜோடி ஜோடியாகத்தான் இருப்பார்கள். ஆளுக்கொரு நம்பர் பஞ்ச் உண்டு, முனையில் எண் செதுக்கிய இரும்புத் துண்டு. பைப்போடு பைப்பைப் பற்றவைத்து முடித்ததும் பக்கத்தில் அந்தப் பஞ்சை வைத்துச் சுத்தியால் ஒரு தட்டு. இது இன்னார் போட்ட ஜாயின்ட் என்று இரும்பிலேயே பதிந்துவிடும். முறைப்படி அவனவன் பஞ்ச் அவனவன் சட்டைப்பையில் இருக்கவேண்டும். ஆனால் ஜோடியின் பஞ்ச் இரண்டும் ஒரே டப்பாவில்தான் கிடக்கும். ஒருத்தன் டீ குடிக்கப் போனால் மற்றவன் அந்த ஜாயின்டையும் முடித்து, போனவன் நம்பரையே அடித்துவைப்பான். சோதிக்க வருகிறவர் ஏதாவது ஒன்றைத் தள்ளிவிட்டால் யார் போட்டது என்ற பேச்சே எழாது. இரண்டு பேரும் குந்தி, அதை அரைத்தெடுத்து, மறுபடி போடுவோம். எங்களைப் பற்றி டீக்கடைக்காரர் சொல்வார்: "இவனுங்களுக்கு ஒரு டீ போதும்பா. ஒருத்தன் குடிச்சா இன்னொருத்தன் ஏப்பம் வுடுவான்."

என்னைப்போல என் ஜோடிக்கும் ஆவடிப் பக்கம் முத்தாபுதுப்பேட்டைதான். எங்கள் வீட்டுக்குப் பின்தெரு. எண்பதுகளின் கடைசியில் அவனுக்கு ஒரு பாலைவன நாட்டில் வேலை கிடைத்துப் போனான். போன சூட்டோடு மறக்கிற ஆள் இல்லை. அங்கே ஃபோர்மேனிடம் நல்ல வார்த்தை சொல்லி, அடுத்த வருஷம் என்னையும் அழைத்துக்கொண்டான். விசா வந்த அன்று என் மனைவி மாங்காட்டு அம்மன் கோயிலில் அர்ச்சனை செய்தாள், அவன் பேரையும் சேர்த்துச் சொல்லி.

போய் இறங்கிய புதிதில் அவன்தான் எனக்கு எல்லாம். குழாயில் மதியம் வருகிற தண்ணீர் உடம்பில் ஊற்ற முடியாத சூடு, விடிகாலையிலேயே வாளியில் பிடித்துவைக்கணும் என்று சொன்னது அவன். தொப்பிக்குள் ஈரத்துண்டு மடித்து வைக்கக் காட்டியதும் அவன். "ஆவடி வெயிலு நம்மள திட்டும் மச்சான். இது கைய நீட்டி அடிக்கும். ஜாக்கிரதையா இரு" என்றான். எனக்குச் சோறு இறங்காத நாட்களில் எங்கிருந்தோ புளி வாங்கிவந்து ரசம் வைத்தான். தகரக் கூரை போட்ட அந்த அறையில் எனக்கு மேல்கட்டில் ஏறத் தலைசுற்றும் என்று தன் கீழ்க்கட்டிலைக் கொடுத்தான். இதையெல்லாம் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் எனக்கே ஒப்பாது.

வேலை பாடியில் பார்த்த அதே வேலைதான். ஆனால் அங்கே ஒவ்வொரு ஜாயின்டையும் எக்ஸ்ரே எடுப்பார்கள். படத்தில் கறுப்பாய்ப் புள்ளி தெரிந்தால் அந்த நம்பர்காரன் தலையில் விடியும். பழைய ஆளாக இருந்தால் ஊருக்கு விமானம் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். புது ஆளாக இருந்தால் ஹெல்பராக இறக்கிவிடுவார்கள். எனக்கு அந்தப் பயம் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் பாதியில் நின்றவன் நான். வெல்டர் என்கிற பேர்தான் என் படிப்பு, பட்டம் எல்லாம்.

பஞ்சை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பாடியில் செய்ததைத்தான் செய்தேன். அவன் டப்பாவைத் திறந்து நீட்டினான், என்னுடையதையும் அதில் போட்டேன். யோசிக்கக்கூட இல்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுகிற மாதிரிதான் அது.

ஒரு நாள் வெயில் என்னைச் சாய்த்துவிட்டது. வாந்தி, கண்ணெல்லாம் பூச்சி பறக்கிறது. அவனே கைத்தாங்கலாக அறைக்குக் கொண்டுவந்து படுக்கவைத்து, உப்புப் போட்ட தண்ணீரைத் தலைமாட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போனான். மறுநாளும் என்னால் எழ முடியவில்லை.

நான் மறுபடி வேலைக்குப் போன வாரமே ஃபோர்மேன் கூப்பிட்டார். மலையாளி, சத்தம் போடாத மனுஷன். எக்ஸ்ரே படங்களை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மேல் அடுக்குப் பைப்பில் வரிசையாக ஜாயின்டுகள், எல்லாம் பொத்தல். எல்லாவற்றின் பக்கத்திலும் என் நம்பர்.

"சார், நான் அந்த அடுக்குல ஏறவே இல்ல. அங்க வேல ஆரம்பிச்சப்ப நான் ரூம்ல படுத்திருந்தேன்" என்றேன்.

"ரெண்டு நாள்தானே கிடந்தது? அதுக்குப் பின்னே ஏறியிருக்கும்" என்றவர், பக்கத்தில் நின்ற என் ஜோடியிடம் திரும்பினார். "நீ பறயு. இவன் ஏறியோ?"

இல்லை சார் என்று ஒரு வார்த்தை. அது போதும். அந்த ஜாயின்டை நான்தான் போட்டேன் என்றுகூட அவன் சொல்லவேண்டாம். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் படத்தைப் பார்த்தான்.

"ஏறினான் சார். புது ஆளு, கை இன்னும் பழகல. கத்துக்குவான்."

அன்றே என் பஞ்சை வாங்கி வைத்துக்கொண்டார்கள். என்னை ஹெல்பராக்கி, இரண்டு பேரும் ஒரே பாஷைக்காரர்களாயிற்றே என்று அவனுக்கே ஒதுக்கினார்கள். என் நம்பர் விழுந்த அத்தனை ஜாயின்டையும் கிரைண்டரில் அரைத்தெடுத்தேன். அரைக்க அரைக்கத் தெரிந்தது. அவன் கைப்பழக்கம் எனக்குத் தெரியாதா? ராடு மாற்றுகிற இடத்தில் அவன் ஒரு சின்னக் குழி விடுவான். பாடியில் எத்தனை தடவை அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். "ஏன் மச்சான் அப்படிச் சொன்னே?"

அவன் மறைக்கவில்லை. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னான். "எனக்குக் கண்ணு கொஞ்ச நாளா சரியில்லடா. என் நம்பர்ல ஏற்கெனவே பொத்தல் வந்துகீது. இதுவும் வந்தா என்னைய ஏத்திவுட்டுருவானுங்க. நீ புதுசு, உனுக்கு ஹெல்பரோட போச்சு. கணக்குப் போட்டுப் பாரு."

"ஜோடின்னா ரெண்டு பேருமா குந்திதானே அரைப்போம்?"

"அது பாடி மாமே. இது இன்னா நம்ம ஊடா?"

அப்புறம் கொஞ்சம் கோபமாகவே சொன்னான்: "உன்ன இட்டாந்தவன் நானு. அத்த மறந்துடாத."

அது உண்மைதான். அன்று சமையல் முறை என்னுடையது. அவனுக்கும் சேர்த்துத்தான் வடித்தேன்.

அந்தக் காலத்தில் நாங்கள் ஊருக்குக் கேசட்டில் பேசி அனுப்புவோம். யாராவது லீவில் போகும்போது கொடுத்துவிட்டால், ஊரில் என் ஜோடியின் வீட்டு டேப்ரிக்கார்டரைச் சுற்றி இரண்டு குடும்பமும் உட்கார்ந்து கேட்கும். ஒரு வெள்ளிக்கிழமை அவன் கட்டிலில் சம்மணம் போட்டுப் பேச ஆரம்பித்தான். சோறு, தண்ணி, உடம்பு எல்லாம் சொன்னான். பிறகு, என்னை எதிரே வைத்துக்கொண்டே, "மச்சானும் நல்லா கீறான். வேலதான் சரியா வரல. ஏத்திவுடப் பாத்தானுங்க, நான் பேசி ஹெல்பரா வெச்சிக்கினு கீறேன். நான் பாத்துக்குறேன், பயப்படாதீங்க" என்றான். சொல்லிவிட்டு டேப்பை என் பக்கம் நகர்த்தினான். "பேசுடா, ஊட்ல கேப்பாங்க."

நான் குனிந்து சொன்னேன். "நான் போட்ட ஜாயின்ட் இல்ல அது. நம்பர்தான் என்னுது. போட்டது இவன்."

அவன் பட்டனை அமுக்கினான். அடிக்க வருவான் என்று நினைத்தேன், வரவில்லை. "பொம்பளைங்க கேக்குறதுடா, நைனா" என்று ரொம்ப மெதுவாகச் சொல்லி, டேப்பைப் பின்னால் ஓட்டி, அதன்மேலேயே தன் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லிப் பேசினான்.

ஒப்பந்தம் முடிகிறவரை ஹெல்பராகவே இருந்துவிட்டு வந்தேன். வந்த மறுநாள் பாடிக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே கேசட்டில் அவன் பேசிய பேச்சு அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. ஷெட் மேஸ்திரி, எனக்குப் பெண் பார்க்கக்கூட வந்தவர், சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "தப்பா நெனைக்காத. ஒரே ஒரு டெஸ்ட் பீஸ் போட்டுக் காமிச்சுடு. மொதலாளி கேக்குறாரு." நான் வருஷக்கணக்காய் நின்ற அதே இடத்தில், பழைய சகாக்கள் பார்த்தும் பார்க்காமலும் திரும்பி நிற்க, போட்டுக் காட்டினேன். அந்த வெளிநாட்டில் பஞ்சைப் பிடுங்கியபோது வராத அழுகை, முகத்தை மறைத்த ஷீல்டுக்குள் வந்தது. யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை.

வீட்டுக்கு வந்தால் வடை வாசனை. அவன் மனைவிக்குக் கொடுக்க டிபன் கேரியரில் அடுக்கிக்கொண்டிருந்தாள் என் மனைவி. "அந்த அண்ணன் இல்லாட்டி உன்ன அப்பவே ஏத்திவுட்டுருப்பாங்களாமே" என்றாள்.

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அவள் கேரியரை மூடிவிட்டுக் கேட்டாள்.

"அந்தக் கேசட்ல ஒரு எடத்துல 'நான்'னு உன் கொரல் வந்துச்சு. அதோட நின்னுபோய் அவரு பேச்சு வந்துச்சு. ஓட்டி ஓட்டிக் கேட்டேன். இன்னா சொல்ல வந்தே?"

சொன்னேன். முழுசாகச் சொல்லி முடித்தேன். அவள் கேரியரைப் பிரித்து, வடையைத் தட்டில் எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"சாப்புடு" என்றாள். "அந்த ஊட்டுக்கு இன்னிக்கு நான் போவல."