திரை தூக்குமுன் நாலு வரி

நாடகத்தில் நடிப்பவனுக்கு ஒரு வேஷம்தான். அவனைப் பற்றி நாலு வரி எழுதி மைக்கில் வாசிப்பவனுக்கு, நடிப்பவர்கள் எத்தனை பேரோ அத்தனை பொய். ஊர் மன்றங்களில் இந்த வேலை படித்துவிட்டுச் சும்மா இருப்பவன் தலையில்தான் விழும். உங்களில் சிலர் தலையிலும் விழுந்திருக்கும். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

விண்ணப்பத்துக்குப் பதில்

எழுபதுகளின் தொடக்கம். பி.ஏ. முடித்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா திருச்சுழிப் பக்கம் மானாவாரியில் கொத்தமல்லி விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பார். பார்த்து முடித்ததும் என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே நான் காலை பஸ்ஸில் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போய்விடுவேன்.

அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா வேலை காலியாக இருந்தது. அந்தப் பள்ளிக் கமிட்டிக்குத் தலைவர், பருத்திக் கமிஷன் கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி. நாடக மன்றத்துக்கும் அவரே தலைவர். வருஷம் ஒரு நாடகம் போடுவார்கள். திரை தூக்குவதற்கு முன் நடிகர்கள் ஒவ்வொருவராக வந்து சபையைக் கும்பிட வேண்டும். அவர் எந்த ஊர், என்ன தொழில், நடிப்பில் என்ன அனுபவம் என்று மைக்கில் வாசிக்க வேண்டும். இது அந்த மன்றத்தின் வழக்கம். நடிகர்களின் சொந்தக்காரர்கள் நாடகத்துக்கு வருவதைவிட இதற்காகத்தான் வருவார்கள். அண்ணாச்சி என் விண்ணப்பத்தைப் பிரித்துப் பார்க்காமலே இரண்டாக மடித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். பிறகு சொன்னார்: “மொதல்ல நம்ம ஆளுகளைப் பத்தி எழுதிக் காட்டுங்க தம்பி. மனுசரை எப்படி எழுதுறீகன்னு பாத்துட்டு, வேலையப் பத்திப் பேசுவோம்.”

சினிமா அனுபவம்

கதாநாயகன் பாளையம்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். நாற்பது வயது. நாடகத்தில் இருபது வயதுக் கல்லூரி மாணவன். பஞ்சர் ஒட்டிக்கொண்டே, “திரைப்படத்தில் நடித்தவர்னு எழுதிக்கப்பா” என்றார். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எழுதுமுன் விசாரித்துவிடுவேன். எந்தப் படம், என்ன வேஷம் என்று கேட்டேன். குற்றாலத்துக்குக் குளிக்கப் போனபோது அங்கே படப்பிடிப்பு நடந்திருக்கிறது. கயிறு கட்டியிருந்தார்கள். இவர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றிருக்கிறார்.

“அந்தப் பக்கம் போகவே இல்லையாண்ணே?” என்று கேட்டேன். ஒருமுறை போனாராம். போலீஸ்காரர் தள்ளிவிட்டாராம். நான் மிகவும் யோசித்து, ‘திரைப்படம் எடுக்கப்படுவதை நேரில் கண்டவர்’ என்று எழுதிக் காட்டினேன். அவர் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தபடியே பதில் சொன்னார்: “படத்துல நான் தெரியலைன்னா அது காமிராக்காரன் தப்பு. நான் நின்னது நின்னதுதானப்பா?”

வில்லனின் தராசு

வில்லன் மல்லாங்கிணற்றில் பலசரக்குக் கடைக்காரர். முந்தின வருஷ நாடகத்தில் எடையில் ஏமாற்றும் வியாபாரியாக நடித்திருந்தார். நன்றாக நடித்துவிட்டார் என்பதுதான் சிக்கல். மறுநாளிலிருந்து கடைக்கு வருபவர்கள் தராசு முள்ளை உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்களாம். அதனால் இந்த முறை, ‘நிஜ வாழ்க்கையில் எடை சுத்தமானவர்’ என்று மைக்கில் சொல்லியே ஆக வேண்டும் என்றார்.

நான் கையில் பேனாவோடு தராசுத் தட்டைப் பார்த்தேன். தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருந்தது. அது தற்செயலாக ஒட்டியதாகவும் இருக்கலாம். எழுதுவதா வேண்டாமா என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அவர் மனைவி முறத்தோடு ஓடி வந்தார். “அய்யய்யோ, அதை மட்டும் எழுதிறாதீக தம்பி. இப்பம் முள்ளைத்தான் பாக்குறாக. மைக்குல சொல்லிட்டா வீட்டுக்குக் கொண்டுபோயி நெறுத்தே பாத்துருவாக!”

பெயர் இல்லாதவர்

நகைச்சுவை நடிகர் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். மேடையேற மேலதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும்; வாங்கவில்லை. ஆகவே பெயரைச் சொல்லக் கூடாது. சரி, ‘பெயர் வெளியிட விரும்பாத கலைஞர்’ என்று எழுதினேன். அவர் முகம் வாடிவிட்டது. ஊரைச் சேர்க்கலாமா என்றார். சேர்த்தேன். தெருவைச் சேர்க்கலாமா என்றார். அதையும் சேர்த்தேன். பிறகு தன் மாமனார் பெயரைச் சொல்லி, இன்னார் மருமகன் என்று போட்டால் என்ன என்று கேட்டார்.

இவ்வளவும் சொன்ன பிறகு பெயர் மட்டும் எதற்குப் பாக்கி என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அலுவலக ரகசியம் போல என் காதருகே குனிந்தார். “பேரைப் போடாதீக. ஆனா நான்தான்னு ஒருத்தர் பாக்கியில்லாமத் தெரியணும்.”

முந்தானை

கதாநாயகி மட்டும் மதுரையிலிருந்து வருவார். நம் ஆட்கள் தங்கள் வீட்டுப் பெண்களை மேடைப் பக்கம் விட மாட்டார்கள். ஆனால் நாடகத்தில் பெண் இல்லாமலும் விட மாட்டார்கள். ஆண்கள் மூன்று மாதம் ஒத்திகை பார்த்திருந்தார்கள். எங்கே நிற்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த அம்மா பஸ்ஸை விட்டு இறங்கிய இரண்டே நாளில் அத்தனை பேரையும் கையைப் பிடித்து நிறுத்தி வைத்தார். எல்லாருடைய வசனமும் அவருக்குப் பாடம்.

ஒத்திகையில் ஒரு விஷயம் கவனித்தேன். வில்லன் அவரை மிரட்டும் காட்சி. வில்லனுக்கு வசனம் மறந்துவிட்டது. அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்து விம்மினார். விம்மலுக்கு நடுவே, ‘உன் குடும்பத்தையே நடுத்தெருவில் நிறுத்துகிறேன்’ என்று அவருக்கு அடி எடுத்துக் கொடுத்தார். வில்லன் அதைப் பிடித்துக்கொண்டு கர்ஜித்தார். தன்னை மிரட்டுவதற்குத் தானே வார்த்தை கொடுத்த பெண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள், ‘என்னமா அழுவுறா!’ என்றார்கள்.

அவருடைய பின்னணியைக் கேட்டேன். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லையாம். பதினோரு வயதில் மேடையேறியது, ராணி வேஷம், தாய் வேஷம் என்று தடங்கல் இல்லாமல் சொன்னார். நான் விசாரித்துப் பார்த்ததில் ஒன்றுகூடப் பொய் இல்லை. நாலாவது வரிக்கு என்ன எழுதட்டும் என்றேன். “இந்த ஆம்பளைகளுக்கெல்லாம் வசனம் சொல்லிக் குடுத்தவள்னு எழுதுங்க தம்பி. எழுதத் தைரியம் இருந்தா.”

சிவப்புப் பென்சில்

எழுதி முடித்த தாளை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அவர் சிவப்புப் பென்சிலை எடுத்தார். சைக்கிள் கடைக்காரர் ‘திரைப்பட நட்சத்திரம்’ ஆனார். பலசரக்குக் கடைக்காரர் ‘ஏழைகளின் தோழர்’ ஆனார். பெயர் இல்லாதவர் ‘சென்னை மேடைகளைச் சிரிப்பில் ஆழ்த்தியவர்’. அவர் சென்னையைப் பார்த்ததே இல்லை. கடைசிக் காட்சியில் மட்டும் வரும் நீதிபதி வேஷம் அண்ணாச்சிக்கு. வருஷா வருஷம் அதுதான், ஏனென்றால் மொத்தம் மூன்று வசனம், அதையும் தீர்ப்பைப் பார்த்து வாசிக்கலாம். அவரைப் பற்றி நான் ‘அருப்புக்கோட்டையில் கல்வி பயின்றவர்’ என்று எழுதியிருந்தேன். அது உண்மை, ஐந்தாம் வகுப்பு வரை. அதை அடித்துவிட்டு ‘இண்டர்மீடியட் வரை பயின்றவர்’ என்று எழுதினார்.

அந்த அம்மாவின் நாலு வரியையும் பென்சிலால் அடித்தார். பெயர் மட்டும் போதுமாம். அவை மட்டும்தான் நான் திருத்தாமல் எழுதிய வரிகள், எல்லாம் உண்மை என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அண்ணாச்சி கண்ணாடிக்கு அடியில் இருந்த என் விண்ணப்பத்தை விரலால் ஒருமுறை தட்டினார். “நெசத்தைக் கேக்க இந்த ஊரு சனம் நாடகத்துக்கு வரணுமா தம்பி? திங்கக்கிழமை வேலைக்குச் சேருறதா வேண்டாமான்னு மட்டும் யோசிங்க.”

மைக்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட மைதானம் நிறைந்திருந்தது. என் அப்பாவும் திருச்சுழி பஸ்ஸில் வந்து முன்வரிசைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். மகனுக்கு வேலை கிடைக்கப்போகிற இடம் என்று வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். நான் வாசித்தேன். நட்சத்திரம் என்றேன், ஏழைகளின் தோழர் என்றேன், சென்னை என்றேன், எதையும் மறைக்கவில்லை, எல்லாப் பொய்யையும் வாசித்தேன். ‘இண்டர்மீடியட்’ என்றதும் கூட்டத்திலிருந்து அண்ணாச்சி வயதுக்காரர் ஒருவர், “ஏலே, அஞ்சாப்புல எங்கூட உக்காந்திருந்தது யாருலே?” என்று கத்தினார். மைதானம் சிரித்தது.

கடைசியாக அந்த அம்மா வந்து கும்பிட்டு நின்றார். பெயரை வாசித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தைரியம் வந்து நான் தொடரவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். சிவப்புக் கோட்டுக்கு அடியில் அந்த நாலு வரியும் தெளிவாகத் தெரிந்தன. அந்தத் தாளில் குரல் நடுங்காமல் வாசிக்கக்கூடியவை அவை மட்டும்தான். வாசித்தேன். ‘இன்று நடிக்கும் ஆண்கள் அனைவருக்கும் வசனம் கற்றுக் கொடுத்தவர்’ என்றதும் பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் கிளம்பியது. நட்சத்திரத்துக்குக்கூட அவ்வளவு விழவில்லை. திரைக்குப் பின்னால் சைக்கிள் கடைக்காரர் அரிதாரத்தோடு என் சட்டையைப் பிடித்தார். “பொம்பள சொல்லிக் குடுத்து நடிச்சேன்னு ஊருக்கே சொல்லிப்புட்டியே, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக் கடையத் தொறப்பேன்?”

பாராட்டு

என் வேலை போனது எனக்கு அந்த நிமிஷமே தெரியும். அந்த அம்மாவாவது இரண்டு நல்ல வார்த்தை சொல்வார் என்று முதல் காட்சி முடிந்ததும் போய் நின்றேன். அவரும் நடிகைதான் என்பதை மறந்துவிட்டேன். கண்ணாடியைப் பார்த்துப் பவுடரைச் சரி செய்துகொண்டே சொன்னார்: “அந்த நாலாவது வரியை மொதல்ல வாசிச்சிருக்கணும் தம்பி. கைதட்டு அடங்குமுன்ன திரையைத் தூக்கிட்டாக.”

திங்கட்கிழமை

இருந்தாலும் போனேன். அப்பா போகச் சொன்னார். அண்ணாச்சி கோபப்படவில்லை, காபி வாங்கிக் கொடுத்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஆய்வுக்கு வருவார்கள், வருகைப் பதிவேட்டைக் கேட்பார்கள், வராத பிள்ளைகளும் அதில் வந்திருப்பார்கள் என்று பொதுவாகப் பேசினார். பிறகு கண்ணாடியைத் தூக்கி என் விண்ணப்பத்தை எடுத்து, மடிப்புக்கூடக் கலையாமல் என் கையில் கொடுத்தார். “நீங்க ரொம்ப நல்ல பையன் தம்பி. அதான் யோசனையா இருக்கு.”

ஓர் உண்மையைச் சொல்லி வேலையை இழந்தவன் என்று யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம், அதே மைக்கில் அதற்கு முன்னால் நாலு பொய் சொன்னவனும் நான்தான், அவற்றுக்கும் வேலை கிடைக்கவில்லை.